மீன் தொட்டிக்கு வந்த ஷாக்

எங்கள் ஊர்ப் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். திருநின்றவூரில் பூசலார் என்று ஒருத்தர் இருந்தார். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. கையில் காசு இல்லை. மனுஷர் சளைக்கவில்லையே! மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் சுமந்து, தச்சர்களை வரவழைத்து, கும்பாபிஷேகத்துக்கு நாளும் பார்த்துவிட்டார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் நிஜக் கல்லில் கோயில் கட்டியிருந்த பல்லவ ராஜாவின் கனவில் சாமி வந்து, நாளைக்கு நமக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது, உன்னுடையதைத் தள்ளி வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம். பெரிய புராணத்தில் இருக்கிறது. இருதயாலீஸ்வரர் கோயில் இன்றைக்கும் இங்கே இருக்கிறது.

எத்தனையோ நூற்றாண்டு கழித்து அதே ஊரில், அதே முறையில், என் பையன் ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டிருந்தான்.

கெமிஸ்ட்ரி ரெகார்டு நோட்டின் கடைசிப் பக்கம்தான் அவன் மனசு. ப்ராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் பென்சிலில் விலை. மாசா மாசம் அழித்து அழித்து எழுதியதில் காகிதமே ஓட்டையாகிவிட்டது. ப்ளஸ் ஒன்னில் ஆரம்பித்தான். காலேஜ் முதல் வருஷமும் வந்துவிட்டது. கும்பாபிஷேகம் மட்டும் நடக்கவில்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமலில்லை. 2017-ல் வாங்கிய ஐ-3 ஒன்று இருந்தது. எனக்கு அது தங்கம். எக்ஸெல் திறக்கும், டிக்கெட் புக் பண்ணும், வேறென்ன வேண்டும்? கேம் என்றால் எனக்குத் தெரிந்தது டேஞ்சரஸ் டேவ்தான். மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆடியது. மொத்த கேமும் ஒரு ஃப்ளாப்பியில் அடங்கி, மிச்ச இடத்தில் சம்பளப் பட்டியலும் இருக்கும். இவன் ஆட நினைக்கிற கேம் 100 ஜி.பி.யாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன் சார், எழுபதாயிரம் ஃப்ளாப்பி! எழுபதாயிரம் ஃப்ளாப்பியை வைத்து ஒருத்தனை ஒருத்தன் சுடுகிறான்கள்.

2025 அக்டோபர் 14-ம் தேதி மைக்ரோசாஃப்ட்காரர்கள் விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட்டை நிறுத்தினார்கள். விண்டோஸ் 11 போடலாமென்றால், இன்டெல்லில் எட்டாவது தலைமுறைக்கு மேல்தான் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளுமாம். என் தங்கம் ஏழாவது தலைமுறை. ஒரே ஒரு தலைமுறையில் கோட்டை விட்டது.

"கம்ப்யூட்டர் மாத்தித்தான் ஆகணும்ப்பா. மாத்தறதுதான் மாத்தறோம்..." என்று நோட்டைப் பிரித்தான். அந்தச் சமயம் பார்த்து தீபாவளி போனஸ் வேறு வந்து தொலைத்திருந்தது. சீட்டுப் பணத்தையும் சேர்த்தால் எண்பத்தெட்டாயிரம்.

ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டைத்தான் பார்க்கலாம். அதனால் சனிக்கிழமை லீவு போட்டு, சென்ட்ரலில் இறங்கி, அரசினர் தோட்டம் வரை மெட்ரோ, அப்புறம் நடை. பேர்தான் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்து சந்தாகப் பின்னிக்கொண்டு போகும். ஒரு காலத்தில் ரேடியோ வால்வு தேடி அலைந்த இடம்.

"ராம் எதுக்கு எட்டு எட்டா ரெண்டு? பதினாறா ஒண்ணு வாங்கிட்டா ஒரு ஸ்லாட் மிச்சமாச்சே" என்றேன் புத்திசாலித்தனமாக.

"டிக்கெட் கொடுக்க ரெண்டு கவுன்ட்டர் திறந்தா க்யூ சீக்கிரம் நகரும்ல? அந்த மாதிரிப்பா" என்றான். கடைக்காரர் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எஸ்.எம்.பி.எஸ். வந்தபோது மறுபடி திறந்தேன். கரண்ட்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கிற டப்பா. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கே கொட்டை எழுத்தில் '500 வாட்ஸ்' போட்டு ஒன்று இருந்தது. இவன் ஐயாயிரம் ரூபாய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். 650 வாட்ஸ், 80 ப்ளஸ் பிரான்ஸ். அதாவது பாதி லோடில் ஓடும்போது, சுவரிலிருந்து வாங்குகிற கரண்ட்டில் 85 சதவீதத்தைப் பொறுப்பாக உள்ளே கொடுக்கும், மிச்சம்தான் சூடாகப் போகும் என்பதற்கான முத்திரை. "ரெண்டையும் கையில தூக்கிப் பாரு சார்" என்றார் கடைக்காரர். மலிவானது பஞ்சுமிட்டாய் மாதிரி இருந்தது. சரி என்று தலையாட்டினேன். பில்லில் ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரையும் பெட்டியோடு ஒத்துப் பார்த்து வாங்கினான் பையன். வாரண்டி என்று வந்தால் அதுதான் பேசுமாம். எனக்கு எல்.ஐ.சி. பாலிசியே அவ்வளவு கவனமாக வாங்கத் தெரியாது.

கேபினெட் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் லைட். சாயங்கால எலெக்ட்ரிக் ட்ரெயினில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். அம்பத்தூரில் ஏறிய பெரியவர் அட்டைப் பெட்டியின் மேலிருந்த படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மீன் தொட்டியா தம்பி? மோட்டார் கூடவே வருதா?"

அன்று ராத்திரியே பூட்டினோம். இவள் சப்பாத்திப் பலகையைக்கூட வெளியே எடுக்க முடியாதபடி டைனிங் டேபிள் முழுக்க ஸ்க்ரூ. பட்டன் அமுக்கினதும் லைட் எரிந்து, ஃபேன் சுற்றி, படமும் வந்தது. இவள் கற்பூரம் காட்டினாள்.

கேமைப் போட்டால் ஆள் ஓடவில்லை. அரசாங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி ஒரு மேஜை நகர்ந்து, யோசித்து, அடுத்த மேஜை. முப்பதாயிரம் ரூபாய் கார்டு! ஒரு வாரம் டிரைவரைப் போட்டு, எடுத்து, போட்டு... கடைசியில் என் ஆபீஸ் பையன் ஒருத்தன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சார், மானிட்டர் கேபிளை மதர்போர்டுல சொருகியிருக்கீங்க. கார்டுல சொருகணும்" என்றான். ப்ராசஸருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. பாவம், அதுதான் ஒரு வாரமாக மூச்சு வாங்கி இழுத்துக்கொண்டிருந்தது. கார்டு பக்கத்தில் தண்டமாக லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாலு அங்குலம் கீழே மாற்றிச் சொருகினோம். ஆள் ஓடினான் பாருங்கள்! வினாடிக்கு 165 தடவை படம் மாற்றக்கூடிய மானிட்டரும் 60-லேயே தூங்கிக்கொண்டிருந்தது. அதையும் செட்டிங்கில் போய் எழுப்பினான்.

சந்தோஷம் மூன்று நாள்தான்.

நாலாம் நாள் ராத்திரி ஏழே கால் மணிக்கு, உச்சகட்ட சண்டையில், பொட்டென்று இருட்டு. தானே மறுபடி ஸ்டார்ட் ஆகி, அப்பாவி மாதிரி பாஸ்வேர்டு கேட்டது. மறுநாள் ஏழரைக்கு. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை. எக்ஸெல்லில் நான் இருக்கும்போது ஒன்றும் ஆகாது. கேம் ஆடினால் மட்டும்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"கார்டு சொருகறப்ப ஏதோ அழுத்தித் தொலைச்சிருக்கே. முப்பதாயிரம்டா! என் போனஸ்ல முக்கால்வாசி."

அவன் பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டரை ஷட்-டவுன் பண்ணினான், ஒழுங்காக. மேலே ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினான். அப்புறம் நாலு நாள் என்னோடு பேச்சு 'ம்', 'இல்ல', 'சாப்ட்டேன்' அவ்வளவுதான். ரெகார்டு நோட்டு பழைய பேப்பர் அடுக்கில் கிடந்தது.

நான் தனியாக இறங்கினேன். ராமைக் கழற்றி, தங்க நிற முனையை ரப்பரால் அழித்து, துடைத்துப் போட்டேன். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடியது, ஒரு தப்பும் இல்லை. சூடு எழுபது டிகிரியைச் சுற்றி, அதுவும் பழுதில்லை. விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒரு டைரி உண்டு. அதில் பார்த்தால் 'கெர்னல் பவர் 41' என்று வரிசையாகச் சிவப்பு. ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று அர்த்தம் தேடினால், 'கம்ப்யூட்டர் ஒழுங்காக அணையாமல் மறுபடி ஸ்டார்ட் ஆகியிருக்கிறது' என்று போட்டிருக்கிறது. யோவ், அதுதான் எங்களுக்கே தெரியுமே!

மறுபடி லீவு, மறுபடி ட்ரெயின், மறுபடி ரிச்சி தெரு. கடையில் இரண்டு மணி நேரம் முழு லோடில் ஓட்டிக் காட்டினார்கள். அசையவில்லை. "பொட்டி சுத்தம் சார். வீட்டு லைனைப் பாருங்க." திரும்பி வரும்போது அதே பெரியவர்! பெட்டியைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார். "மீனு செத்துப் போச்சா சார்?"

அடுத்த நாள் காலையில் ஈரத்துணியால் தரை துடைத்துக்கொண்டிருந்தவள், "ஏங்க!" என்று கத்தினாள். கேபினெட்டின் ஓரத்தில் கை பட்டிருக்கிறது. விரலில் சுர்ரென்று ஓடியதாம். பையன் ரூமிலிருந்து ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினான். அவன் கை நடுங்கியதைப் பார்த்தேன். "அம்மா, எனக்கும் ரெண்டு தடவை அடிச்சுது. சொன்னா அப்பா திட்டுவாருன்னு..." என்று நிறுத்திக்கொண்டான்.

உடனே எலெக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன்.

அவர் ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, இரண்டு வயர், இதுதான் ஆயுதம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், பளீர். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார், சுத்தமாக எரியவில்லை. வெளியே போய் சுவரோரம் தட்டிப் பார்த்தார். போர்டிகோவுக்கு டைல்ஸ் போட்டபோது எர்த் கம்பி அறுந்திருக்கிறது, அதன் மேலேயே சிமென்ட்டைப் பூசி மூடியிருக்கிறார்கள். எத்தனை வருஷமாக எர்த் இல்லாத வீட்டில் குடியிருந்தோமோ!

விஷயம் என்னவென்றால், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் லைனில் வரும் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என்று குட்டி கெபாசிட்டர்கள் உண்டு. அதன் வழியே கசிகிற சொற்பக் கரண்ட் மூன்றாவது பின் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். அந்த வழி அடைத்திருந்தால் பாடி 230-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில், 115 வோல்ட்டை ஒட்டித் தொங்கும். கரண்ட் ரொம்பக் கொஞ்சம் என்பதால் சுர்ரோடு போகும். ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு ஃபேஸ் வயர் நைந்து பாடியில் உரசினால் கதையே வேறு. கிரைண்டரும் வாஷிங் மெஷினும் இத்தனை நாள் அதே மூன்றாவது பின்னை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புதுக் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் கொடுத்தார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை வெட்டுகிற ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டச் சொன்னேன். விலையே கேட்கவில்லை.

"அண்ணா, ரீஸ்டார்ட் ஆகறதும் இதனாலயா?" என்றான் பையன். ஒரு வாரத்தில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம்.

"அது வேற தம்பி" என்றவர் இன்வெர்ட்டர் பின்னால் டார்ச் அடித்தார். "சார், இந்தச் சுவிட்ச் ஏன் எக்கோவுல இருக்கு? கம்ப்யூட்டர் இருந்தா யு.பி.எஸ்.ல தானே வைக்கணும்?"

கட்டைவிரல் நகம் அளவு சுவிட்ச். யு.பி.எஸ். பக்கம் இருந்தால், கரண்ட் போனதும் பத்துப் பதினைந்து மில்லி செகண்டில் பேட்டரிக்குத் தாவும். எக்கோ பக்கம் இருந்தால் சாவகாசமாக முப்பது நாற்பது. வோல்டேஜ் பாதாளத்துக்கு இறங்கினாலும் கண்டுகொள்ளாது. ஃபேனுக்கும் ட்யூப்லைட்டுக்கும் அது ஒரு பொருட்டில்லை. நாம் கண் இமைக்கவே நூறு மில்லி செகண்டுக்கு மேலாகிறது. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். முழு லோடில் மூச்சைப் பிடிக்கிறது பதினாறு பதினேழு மில்லி செகண்டுதான். லோடு குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். அதனால்தான் எக்ஸெல்லில் பிழைத்தது, கேமில் செத்தது. ஏழு மணிக்குத் தெரு முழுக்க ஏ.சி.யும் மோட்டாரும் போடுகிற நேரம். கரண்ட் ஒரு சிமிட்டுச் சிமிட்டும். ட்யூப்லைட்டும் சிமிட்டியிருக்கும், மானிட்டரை விட்டுக் கண்ணை எடுத்திருந்தால்தானே பார்ப்பதற்கு.

கார்டில் ஒரு குறையும் இல்லை. அவன் சொருகியதிலும் இல்லை.

சுவிட்சை யார் மாற்றியது என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார். "யாருக்குத் தெரியும், தூசி தட்டறப்ப பட்டிருக்கும்" என்றேன். இவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அன்று ராத்திரி ஏழு மணியிலிருந்து எட்டரை வரை சண்டை ஓயவில்லை, கம்ப்யூட்டரில்தான். நடுவில் ஒரு தடவை ட்யூப்லைட் கண்ணடித்தது. மீன் தொட்டி அசையவில்லை. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டதால் ஒரு டம்ளர் பால் எடுத்துக்கொண்டு போனேன்.

"டேய்... அந்த சுவிட்சு..."

ஹெட்போனைக் கழற்றினான்.

"போன மாசம் டிஸ்டில்டு வாட்டர் ஊத்தறப்ப, எக்கோவுல வெச்சா பேட்டரி கூட நாள் வரும்னு யாரோ சொன்னாங்கன்னு நான்தான்டா தள்ளினேன்."

"தெரியும்ப்பா" என்றான். "அவர் கேட்டப்ப உன் மூஞ்சியைப் பாத்தேனே."

பாலை வாங்கிக்கொண்டு, நாற்காலியில் பாதி நகர்ந்து உட்கார்ந்தான். கண்ட்ரோலரை என் கையில் கொடுத்தான். பதினோரு வினாடி தாக்குப் பிடித்தேன்.