பள்ளிக் கணினியும் உரிமக் கட்டணமும்

கொச்சி இடப்பள்ளியில் கேரளப் பொதுக்கல்வித் துறையின் கைட் நிறுவனத்துக்கு ஒரு மண்டல வள மையம் உள்ளது. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர்களும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். அவர்களுடைய கணினிகளில் இயங்குவது கட்டற்ற மென்பொருள். அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம்.

இது அரசாங்கம் மனமுவந்து அளித்த கொடையல்ல. 2001இல் பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது பாடநூலே மைக்ரோசாஃப்ட் பொருட்களை ஒட்டித்தான் எழுதப்பட்டிருந்தது. கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கம் எதிர்த்துப் போராடியது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் துணை நின்றனர். 2006இல் இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக்கு வந்தபின் பாடமும் தேர்வும் முழுமையாக மாறின.

2019இல் கைட் ஒரு கணக்கை வெளியிட்டது. தனியுரிம மென்பொருள் என்றால் கணினி ஒன்றுக்குக் குறைந்தது 1.5 லட்சம் ரூபாய். 2 லட்சம் கணினிகளுக்கு 3,000 கோடி. மொத்தமாக வாங்கினால் விலை குறைந்திருக்கும் என்று வாதிடலாம். அப்படிக் குறைக்க முடிகிறது என்பதே, அந்த விலைக்கும் உற்பத்திச் செலவுக்கும் தொடர்பில்லை என்பதற்குச் சான்று. ஆலையில் ஒவ்வொரு கெஜம் துணிக்கும் நூலும் உழைப்பும் வேண்டும். மென்பொருளின் முதல் படிக்குத்தான் உழைப்பு. இரண்டாவது படிக்கும் இருபது லட்சமாவது படிக்கும் செலவு ஏறத்தாழ இல்லை. அதற்குப் பின்னும் வசூலிக்கப்படுவது, சட்டம் போட்டுத் தரும் வேலிக்கான வாடகை.

வேலி இல்லையேல் புத்தாக்கம் இல்லை என்கிறது மூலதனம். மலையாளக் கணினியின் வரலாறு வேறுவிதமானது. ரச்சனா, மீரா போன்ற எழுத்துருக்களும் அவற்றை இயக்கும் நிரல்களும் தன்னார்வலர் கூட்டுழைப்பில் உருவாகி, கட்டற்ற உரிமத்தில் எல்லோருக்கும் கிடைத்தன.

ஆயினும் இங்கே ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. கட்டற்ற மென்பொருளை எழுதுவோரும் உழைப்பாளிகளே. அவர்கள் ஊதியமின்றி எழுதியதை எடுத்து, பெரும் நிறுவனங்கள் தம் சேவைகளைக் கட்டி லாபம் குவிக்கின்றன. எனவே அந்த உழைப்புக்குப் பொதுப்பணம் ஊதியம் தர வேண்டும். விளைபொருள் பொதுவில் இருக்க வேண்டும்.

சட்டக்களத்திலும் போராட்டம் நடந்தது. 2004 டிசம்பரில் வந்த காப்புரிமை அவசரச் சட்டம், வன்பொருளுடன் இணைந்த கணினி நிரலுக்கும் காப்புரிமை வழங்க வழி திறந்தது. 2005இல் நாடாளுமன்றத்தில் இடதுசாரிகளின் அழுத்தத்தால் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. மருந்துக் காப்புரிமையைக் கட்டுப்படுத்தும் 3(டி) பிரிவு பரவலாக நினைவுகூரப்படுகிறது. இதை நம் தோழர்களிலேயே பலர் அறியார்.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் இருந்தது, விண்டோஸும் இருந்தது. பாஸ், சி-டாக் என்னும் அரசு ஆய்வு நிறுவனத்தின் படைப்பு. அதைக் கற்பிக்கப் பாடமோ பயிற்சியோ இன்றி வெறுமனே நிறுவிக் கொடுத்தால் மாணவர் எதைத் திறப்பார் என்பது வெளிப்படை. கேரளம் மாற்றியது இயங்குதளத்தை மட்டுமன்று. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, தேர்வு மூன்றையும் சேர்த்தே மாற்றியது. தமிழ்நாட்டு ஆசிரியர், மாணவர் அமைப்புகள் எழுப்ப வேண்டிய முதல் கோரிக்கை, அரசின் கணினிக் கொள்முதலில் உரிமக் கட்டணம் எவ்வளவு என்பதைத் தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது.