நீளச் சரக்கு எல்லோர் பொறுப்பு

திருவள்ளூர் மாவட்டத்து வெங்கலில் உருவான காற்றாலை இறக்கைகள் சாலை வழியாகவே தூத்துக்குடிக்கு வந்து, வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் கப்பலேறியிருக்கின்றன. ஒவ்வோர் இறக்கையும் 81.5 மீட்டர் நீளம், 25 டன் எடை. இவ்வளவு நீளமான பொருள் புறப்படும் முன்பே, எந்த வளைவில் எப்படித் திருப்புவது, எந்தப் பாலம் தாங்கும், எந்த நேரத்தில் ஊரைக் கடப்பது என்றெல்லாம் பலர் கூடி முடிவு செய்தாக வேண்டும். உரியவர்களிடம் அனுமதி பெற்று, முன்னும் பின்னும் காவல் வண்டிகளோடு அது நகர்கிறது. நம் ஊர்த் துறைமுகம் இதைச் செய்து காட்டியிருப்பதில் நாம் பெருமைப்படலாம்.

அந்த அக்கறையில் நூற்றில் ஒரு பங்குகூட ஊருக்குள் வரும் 40 அடிக் கம்பிக்குக் கிடைப்பதில்லை. எட்டயபுரம் ரோட்டிலோ கிரேட் காட்டன் ரோட்டை ஒட்டிய சந்திலோ ஒரு லாரி கம்பி இறக்கும்போது நின்று பாருங்கள். லாரி தெருவின் பாதியை அடைத்து நிற்கும். கம்பியின் ஒரு முனை கிட்டங்கி வாசலுக்குள் இருக்கும். மறுமுனை தெருவைக் கடந்து எதிர்க் கடையின் படிவரை வந்து ஆடும். நடுவில் பள்ளிப் பிள்ளைகளும் பைக்குகளும் குனிந்தும் வளைந்தும் போவார்கள். 25 மி.மீ. கம்பி ஒன்று 12 மீட்டர் நீளத்தில் சுமார் 46 கிலோ. அதை இருவர் தோளில் சுமந்து நடக்கிறார்கள். முன்னால் போகிறவர் திரும்பும்போது பின்னால் வருகிறவர் நின்றாக வேண்டும். ஒரு கணம் பிசகினால் யாருடைய விலாவிலாவது இடிக்கும்.

இந்தக் கிட்டங்கிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பஞ்சுப் பொதிக்கும் நிலாவாரை மூட்டைக்கும் கருவாட்டுக்கும் வணிகம் நடந்த காலத்தின் தெருக்கள் இவை. மூட்டையை எந்தப் பக்கமும் திருப்பலாம், தலையில் வைத்துச் சந்துக்குள் நுழையலாம். இன்று அதே தெருக்களுக்குள் கம்பி, குழாய், அறுத்த மரம், அலுமினியச் சட்டம், கூரைத் தகடு என நீளமானவை வருகின்றன. சரக்கின் உருவம் மாறிய அளவுக்கு இடமும் கையாளும் முறையும் மாறவில்லை.

சாதாரண ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது முன்னால் இருந்து தூக்கும் வண்டி. 6 மீட்டர் குழாய்க் கட்டை எடுத்தால் கட்டு வண்டிக்குக் குறுக்கே, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே நகர 6 மீட்டருக்கு மேல் அகலமுள்ள பாதை வேண்டும். 12 மீட்டர் கம்பிக்கு அதற்கேற்ற மைதானமே வேண்டும். அந்த இடம் இல்லாதபோது ஓட்டுநர் கட்டின் ஒரு முனையைத் தரையில் இழுக்கிறார், அல்லது ஃபோர்க்கை உயரத் தூக்கிச் சுவருக்கு மேலே கொண்டுபோகிறார். சுமை உயர உயர வண்டியின் நிலை தளரும். நீளக் கம்பி ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டமே வண்டியைச் சாய்க்கப் போதும்.

இதற்கென்றே இருப்பது சைடு லோடர் என்ற பக்கவாட்டு ஃபோர்க்லிஃப்ட். ஓட்டுநர் அறை வண்டியின் ஒரு முனையில் இருக்கும். நடுவே உள்ள தூக்கும் கம்பம் பக்கவாட்டில் வெளியே நீண்டு, சரக்கை எடுத்து, உள்ளே இழுத்து, வண்டியின் மேடையில் நீளவாக்கில் கிடத்திவிடும். பிறகு சரக்கு போகும் திசையிலேயே வண்டியும் போகும். 12 மீட்டர் கம்பியாக இருந்தாலும் நேர்ப் பாதைக்கு வண்டியின் அகலமும் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடைவெளியும் போதும். சுமை கண்ணை மறைக்காது. சரக்கு மேடையில் படுத்திருப்பதால் ஓடும்போது ஆட்டமும் குறைவு. சக்கரங்களின் திசையை மாற்றி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரும் வகைகளும் வந்துவிட்டன. அயர்லாந்தில் 1998-இல் தொடங்கிய காம்பிலிஃப்ட் நிறுவனம் அந்த வகையை உலகெங்கும் பரப்பியது.

ஆனால் இந்த வண்டி கேட்பதை நாம் கொடுக்காவிட்டால் அதுவும் ஷெட்டில்தான் நிற்கும். சமமான, உறுதியான தளம் வேண்டும். பள்ளமும் சாக்கடை மூடியும் நிறைந்த தெருவில் அது ஆபத்து. ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் தூக்கும் வண்டி என்றால், எதிர் அடுக்கில் வைக்க அது வெளியே போய்த் திரும்பி வரவேண்டும். அதற்குக் கிட்டங்கியின் முனையில் இடம் விடவேண்டும். பெரிய வண்டிகள் சுமையை எடுக்கும் முன் தாங்குகால்களைத் தரையில் ஊன்றவேண்டும். அவசரத்தில் அதைத் தவிர்ப்பவர் ஓட்டவே கூடாது. இந்த வண்டிக்கு இன்னொரு வரம்பும் உண்டு. மியான்மர் 2014-இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகும் வேறு நாட்டு மரத்தடிகள் நம் துறைமுகம் வழியாகச் செங்கோட்டை மர ஆலைகள்வரை போகின்றன. உருண்டையான அந்தத் தடிகளுக்குக் கவ்விப் பிடிக்கும் கருவியே பொருத்தம். அறுத்துக் கட்டிய பலகைக்கும் கம்பிக்கும் குழாய்க்கும்தான் சைடு லோடர். எல்லாச் சரக்குக்கும் ஒரே வண்டி என்று யாராவது விற்க வந்தால் நம்பவேண்டாம்.

விலையும் பெரிது. சந்தில் ஒரு கிட்டங்கி வைத்திருப்பவர் தனியாக வாங்க முடியாது. வாங்கினாலும் நாளெல்லாம் அதற்கு வேலை இருக்காது. அதனால்தான் இது தனி ஒருவரின் முதலீட்டுக் கணக்காக இல்லாமல் ஊரின் பொது ஏற்பாடாக அமையவேண்டும் என்கிறேன். நீளச் சரக்கு வணிகர்கள் கூட்டாகச் சில வண்டிகளை வாங்கி, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். புறவழிச் சாலையை ஒட்டிச் சமதளம் போட்ட ஒரு பொது முற்றம் இருந்தால், பெரிய டிரெய்லர்கள் ஊருக்குள் வராமலே அங்கே இறக்கிவிட்டுத் திரும்பும். அங்கிருந்து கடைக்குத் தேவையானது மட்டும் சிறிய வண்டியில், வெட்டிய அளவில் உள்ளே வரும். அந்த முற்றத்துக்கான இடத்தைத் துறைமுகமும் மாநகராட்சியும் சேர்ந்து பார்த்துக் கொடுக்கவேண்டும்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகும் சரக்குக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. வேண்டிய சட்டம்தான். ஆனால் சாலையில் பிடிபடுகிறவர் ஓட்டுநர். 12 மீட்டர் கம்பியைச் சின்ன வண்டியில் ஏற்றச் சொன்ன வியாபாரியும், கம்பியை நாளைக் காலையே கேட்ட வீடு கட்டுகிறவரும், இறக்க நேரமும் இடமும் ஒதுக்காத நிர்வாகமும் அந்த ரசீதில் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி சுமைப்பணித் தொழிலாளருடையது. வண்டி வந்தால் எங்கள் கூலி என்னாவது என்று அவர்கள் கேட்பது நியாயம். இந்தக் கரை அதைப் பலமுறை பார்த்திருக்கிறது. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கடலடி முத்துச் சிப்பிப் பார்கள் வற்றியபின் குளியாட்கள் சங்குக்கும் மீனுக்கும் கூலிக்கும் பிரிந்து போனார்கள். அவர்களுக்கென்று யாரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டுத் தோணிகள் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்த காலமும் இருந்தது. ஆழ்கடல் துறைமுகம் வந்து, 1974-இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும் அந்தத் தொழில் சுருங்கியது. ஊருக்கு நன்மைதான். ஆனால் நன்மையின் செலவைத் தோணிக்காரர்களே தனியாகச் சுமந்தார்கள்.

வேறு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் 1960-இல் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸும் கப்பல் முதலாளிகளும் ஓர் உடன்பாடு செய்தார்கள். இயந்திரத்தைத் தொழிலாளர் தடுக்கமாட்டார்கள். அதற்கு ஈடாக முதலாளிகள் ஐந்தரை ஆண்டுகளில் 2.9 கோடி டாலரை ஒரு நிதியில் போடுவார்கள். பதிவு பெற்ற தொழிலாளி எவரையும் வேலையிலிருந்து நிறுத்தமாட்டார்கள். ஓய்வு பெறுகிறவருக்குத் தொகை உண்டு. அந்த உடன்பாட்டிலும் குறைகள் இருந்தன, பின்னாளில் சண்டையும் வந்தது. இயந்திரத்தால் வரும் லாபத்தில் அதுவரை சுமந்தவருக்கும் பங்குண்டு என்பதை இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் ஊரில் அதைச் சிறிய அளவில் செய்யலாம். சைடு லோடர் ஓட்டும் வேலை முதலில் இன்று கம்பி சுமக்கிறவர்களுக்குக் கிடைக்கவேண்டும். எந்தக் கட்டு எங்கே வழுக்கும், எந்தக் கயிறு தாங்காது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வெளியாருக்குத் தெரியாது. கோரம்பள்ளம் அரசு ஐ.டி.ஐ.யில் இதற்கென மாலைப் பயிற்சி நடத்தலாம். ஓட்டுநருக்கு நிகராக, தரையில் நின்று சைகை கொடுப்பவருக்கும் பயிற்சியும் தனிக் கூலியும் வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய, முதுகு தேய்ந்த தொழிலாளி இனி ஓட்டப் பழகமாட்டார். அவருக்கு முற்றத்தில் சரக்குக் கணக்கோ காவலோ தரலாம். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982 முதலே இருக்கிறது. அதன் வழி வந்த நல வாரியங்களில் ஒவ்வொரு சுமைப்பணித் தொழிலாளியும் பதிவாகியிருக்கிறாரா என்று வணிகர்களே பார்த்துக்கொள்ளவேண்டும். தொழிற்சங்கங்களும் தம் பங்குக்கு, பயிற்சி பெற்றவர் தவிர வேறு யாரும் வண்டியில் ஏறக்கூடாது என்பதில் தம் ஆட்களிடமே கண்டிப்பாக இருக்கவேண்டும்.

மாநகராட்சியிடம் கேட்பது கொஞ்சம்தான்: நீளச் சரக்கு இறக்கும் தெருக்களில் பள்ளி நேரத்தில் ஏற்றி இறக்கத் தடை, உடைந்த சாக்கடை மூடிகளுக்கு உடனே மாற்று, புதிய கிட்டங்கிக்கு அனுமதி தரும்போது உள்ளே எந்தச் சரக்கு, என்ன நீளம் என்று ஒரு கேள்வி. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் விபத்து நடந்தபின் வருவதோடு நிற்காமல், பொது முற்றத்தின் வரைபடத்தை முன்பே பார்த்துச் சொன்னால் பாதி ஆபத்து காகிதத்திலேயே தீரும். வீடு கட்டும் நாமும் ஒன்று செய்யலாம்: கம்பியை வெட்டிய அளவில் கேட்கலாம், ஒரு நாள் தாமதத்தைப் பொறுக்கலாம், இறக்குகூலியில் பத்து ரூபாய் கூடினால் முகம் சுளிக்காமல் கொடுக்கலாம்.

துறைமுக நிர்வாகம், மாநகராட்சி, வணிகர் சங்கங்கள், சுமைப்பணித் தொழிற்சங்கங்கள் ஆகிய நான்கும் இந்த ஒரு பொருளுக்காக ஒரே மேசையில் உட்காரவேண்டும். மாவட்ட ஆட்சியர் அழைத்தால் நடக்கும். பனிமய மாதா திருவிழாவுக்கு ஊரே கூடி வழியை ஒழுங்கு செய்யத் தெரிந்த மக்கள் நாம், இதற்கும் கூடமுடியும். முதல் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வாக்குறுதியை எழுதிக் கொண்டுவாருங்கள்: நாங்கள் எதைக் கொடுக்கிறோம், எந்தத் தேதிக்குள் கொடுக்கிறோம் என்று.