மாணவர் காதுக்கு எந்தக் காதொலிப்பான்? தமிழ் ஒலியே அளவுகோல்

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் வீட்டுக்கு வந்தன. அன்று முதல் பெற்றோர்கள் ஆசிரியர்களிடம் கேட்கத் தொடங்கிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்கு எந்த 'இயர்போன்' வாங்கிக் கொடுக்கலாம் என்பதே அது. இல்லிருப்புக் கற்றல் முடிந்து மாணவர்கள் வகுப்பறைக்குத் திரும்பிய பின்னரும் இக்கேள்வி நின்றபாடில்லை. காதுத்துளைக்குள் செருகும் சிறு காதொலிப்பான் இன்று புத்தகப் பையில் எழுதுகோலோடு சேர்ந்துவிட்டது.

கடையில் இதனை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? ஒரு திரைப்பாடலை ஓடவிடுகிறோம். மத்தளமும் முரசும் நெஞ்சு அதிரும்படி ஒலித்தால் 'நல்ல ஒலி' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பாட்டுக் கேட்கும் பெரியவருக்கு அது பொருந்தலாம். தமிழ் கற்கும் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைக்கு வாங்கும் காதொலிப்பானைத் தமிழ்க் குரலைக் கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

ஒற்றுதலும் வருடுதலும்

தமிழ் ஒலிகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் வகுத்துக் கூறுகிறார். ரகரமும் ழகரமும் பிறக்க நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். லகரமும் ளகரமும் பிறக்க நாவின் விளிம்பு தடித்து நிற்க வேண்டும். அவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடோ, ஒன்றில் நா அண்ணத்தை ஒற்றுகிறது, மற்றொன்றில் வருடுகிறது என்பதுதான். எவ்வளவு நுண்ணிய வேறுபாடு பாருங்கள்! வலி, வளி, வழி எனும் மூன்று சொற்களும் இந்தச் சிறு நாவசைவால்தான் வெவ்வேறு பொருள் பெறுகின்றன.

நாவில் நிகழும் இந்த வேறுபாடு காற்றில் எங்கே தெரிகிறது? மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரையிலான அதிர்வெண்களைக் கேட்க வல்லது. ஒருவரின் குரல் தடித்ததா மெல்லியதா என்பதைக் கீழ் அதிர்வெண்கள் உணர்த்துகின்றன. எந்த மெய் ஒலிக்கப்பட்டது என்பதைப் பெரிதும் உணர்த்துவன 1,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்டவை. ல, ள, ழ வேறுபாட்டின் முதன்மையான அடையாளங்கள் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்சுக்குள் அமைகின்றன. சகரத்தின் உரசொலியோ அதற்கும் மேலே, 4,000 ஹெர்ட்சைத் தாண்டியும் பரவுகிறது.

பெட்டியின் மேல் பெருமையாக அச்சிடப்படும் 'எக்ஸ்ட்ரா பேஸ்' இவற்றுள் எதனையும் வளர்ப்பதில்லை. அது வளர்ப்பது கீழ் அதிர்வெண்களை மட்டுமே. வலுத்த கீழ் ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைக்கும் இயல்புடையது. ஆகவே, முழக்கம் கூடக்கூட மெய்யொலிகள் மங்குகின்றன. பின்னணி இசையோடு கதை சொல்லும் காணொளிகளில் இக்குறை இன்னும் மிகுதி.

காதுத்துளையை அடைக்கும்போது

திறந்த காதுத்துளை ஒரு சிறு குழல் போன்றது. 3,000 ஹெர்ட்சை ஒட்டிய ஒலிகளை அது இயற்கையாகவே பெருக்கிச் செவிப்பறைக்கு அனுப்புகிறது. மெய்யொலிகளைத் தெளிவாகக் கேட்பதற்கு இயற்கை தந்த உதவி இது. காதொலிப்பானைச் செருகித் துளையை அடைத்தவுடன் அந்த உதவி குலைந்துபோகிறது. இழந்ததைக் காதொலிப்பானே ஈடுசெய்து தர வேண்டும். இதனைச் செய்யாத கருவியில் ஆசிரியரின் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும்.

இதனை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்ட கருவி ஒன்று உண்டு. காதுகேட்புக் கருவித் துறையில் உழைத்த அமெரிக்கப் பொறியியலாளர் மீட் கில்லியன் 1983-இல் எட்டிமாட்டிக் ரிசர்ச் எனும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பெயருக்கே 'செவிக்கு உண்மையானது' என்பது பொருள். 1991-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஈஆர்-4 எனும் காதொலிப்பான், திறந்த காதில் செவிப்பறை கேட்கும் ஒலியை அடைத்த காதிலும் தர முயன்றது. நெஞ்சதிரும் முழக்கம் அதில் இல்லை. ஆனால், பேச்சின் தெளிவுக்காக இன்றும் பலர் அதனைப் போற்றுகின்றனர்.

விலை தரத்திற்குச் சான்றா?

அன்று, விலை உயர்ந்த கருவிகளில்தான் இத்தகைய தெளிவை எதிர்பார்க்க முடிந்தது. இன்று நிலைமை வேறு. 2017-இல் யெரூன் பிரேபார்ட் எனும் ஆய்வாளர் 283 காதொலிப்பான்களை அளந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு கருவி எந்த அதிர்வெண்ணை எவ்வளவு வலிமையாக ஒலிக்கிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே அதன் முடிவு. 2022-இல் வெளிவந்த மூன்டிராப் சூ போன்றவை நூறு ரிங்கிட்டுக்கும் குறைந்த விலையில் தெளிவான ஒலியைத் தந்து பாராட்டுப் பெற்றன. எனவே, பணம் மிகுதியாகக் கொடுக்க இயலவில்லையே என்று பெற்றோர் வருந்த வேண்டியதில்லை. அதே வேளையில், விலை கொடுத்து வாங்கிவிட்டோம், தரமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டா.

வீட்டிலேயே ஒப்பிடும் முறை

இதற்கு அளவுக் கருவிகள் எவையும் தேவையில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் நல்ல உச்சரிப்புடைய ஒருவரும் போதும்.

1. பள்ளி, பல்லி, வலி, வளி, வழி, தலை, தளை, தழை, ஒலி, ஒளி, ஒழி, மனம், மணம் போன்ற சொற்களிலிருந்து முப்பது சொற்களை வரிசை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சொல் இருமுறை வந்தாலும் குற்றமில்லை. சொற்றொடராக வேண்டா, பொருளை வைத்துப் பிள்ளை ஊகித்துவிடும்.

2. முதலில் காதொலிப்பான் இல்லாமல், வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு நேரில் வாசியுங்கள். பிள்ளை கேட்டதை எழுதட்டும். நேரிலேயே ளகரமும் ழகரமும் பிரித்தறிய இயலாத பிள்ளைக்குக் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே தேவைப்படுவது ஒலிப்புப் பயிற்சி.

3. பிறகு, அச்சொற்களை அமைதியான அறையில் வேறு வரிசையில் கைப்பேசியில் பதிவு செய்து, ஒவ்வொரு காதொலிப்பானிலும் கேட்கச் செய்யுங்கள். நேரில் சரியாக எழுதிய சொல்லைக் கருவியில் தவறாக எழுதினால், அப்பிழையைக் கருவியின் கணக்கில் எழுதுங்கள்.

4. கருவிகளின் ஒலியளவைக் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும்படி சரிசெய்துகொள்ளுங்கள். சற்று உரத்து ஒலிப்பது 'தரமானது' என்று தோன்றுவது மனித இயல்பு. இந்த ஒன்றினாலேயே பல ஒப்பீடுகள் பிழைபட்டுப் போகின்றன.

5. மென்முனைகளின் அளவை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலானவற்றோடு மூன்று அளவுகள் வரும். பெரியவர் அளவு சிறுவர் காதில் பொருந்தாது. பொருந்தாவிட்டால் கீழ் ஒலி கசிந்து, வெளி இரைச்சல் உள்ளே புகுந்து, நல்ல கருவியும் மட்டமாகக் கேட்கும்.

கம்பியற்ற கருவிகளில் ஒரு சிக்கல்

இயங்கலை வகுப்பில் புளூடூத் காதொலிப்பானைப் பயன்படுத்துவோர் ஒன்றனைக் கவனிக்க வேண்டும். அதிலுள்ள ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலான கருவிகள் இசை முறையிலிருந்து தொலைபேசி முறைக்கு மாறிவிடும். பழைய தொலைபேசி முறையில் 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி அறவே வெட்டப்படும். மேம்பட்ட முறையிலும் ஏறத்தாழ 7,000 ஹெர்ட்சோடு ஒலி நின்றுவிடும். லகர ழகர வேறுபாடு ஒருவாறு பிழைத்துக்கொள்ளும். சகர, ஃபகர உரசொலிகள் மங்கிப்போகும். பாட்டில் இனிமையாக ஒலித்த அதே கருவி வகுப்பில் கரகரப்பதற்குக் காரணம் இதுவே. கணினியின் சொந்த ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுத்தால் இச்சிக்கல் பெரும்பாலும் தீரும். கம்பியுள்ள எளிய காதொலிப்பானாயின் இச்சிக்கலே எழாது. கற்றலுக்குக் கம்பியுள்ளதையே நான் பரிந்துரைப்பேன்.

செவியைக் காப்பதும் தரமே

தெளிவற்ற கருவி செய்யும் பெருந்தீங்கு ஒன்று உண்டு. சொல் புரியாத பிள்ளை ஒலியளவைக் கூட்டுகிறது. கூட்டினால் முழக்கம்தான் பெருகுகிறது, சொல் தெளிவதில்லை. மீண்டும் கூட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018-இல் வகுத்த நெறியின்படி, சிறுவர்களுக்கான வரம்பு 75 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். 78-இல் 20 மணி, 81-இல் 10 மணி, 84-இல் 5 மணி மட்டுமே. பேரொலியால் உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. எனவே, கைப்பேசியில் ஒலியளவுக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதனை இன்றே அமைத்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

இவையெல்லாம் மிகை, காதில் ஏதோ கேட்டால் போதும் என்று சிலர் கூறலாம். நம் கலைத்திட்டத்தில் கேட்டலும் பேச்சும்தான் முதலில் நிற்கின்றன. வாசிப்பும் எழுத்தும் அவற்றின் மேல் எழும்புபவை. 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதிய மாணவனின் விடையில் சிவப்பு மையால் கோடிடுவதற்கு முன்பு, அவன் காதில் விழுந்தது எது என்று கேட்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. கேட்டல் மதிப்பீட்டிற்கு ஒலிப்பதிவைப் பயன்படுத்தும்போது, அதே காதொலிப்பானை நாம் முதலில் அணிந்து, கடைசி இருக்கை மாணவன் கேட்கும் அளவில் கேட்டுப் பார்க்க வேண்டும். கருவியின் பிழைக்கு மாணவனின் புள்ளியைக் குறைப்பது அறமாகாது.

பெற்றோர்களே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது பாடலை ஓடவிடாதீர்கள். மின்னல் பண்பலையின் செய்தியறிக்கையை ஓடவிட்டு, செய்தி வாசிப்பவரின் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே காதில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அதனை வாங்குங்கள். தெளிவாகக் கேட்கும் பிள்ளைதான் தெளிவாகப் பேசும்.