மரக்கூண்டு வாங்குமுன்

சென்ற தை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, ராமகிருஷ்ணபுரத்தில் நம் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளிக் குடியிருக்கும் நண்பரின் இல்லத்தில் பெருந்துயரம் ஒன்று நேர்ந்தது. ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன் உயிருக்குயிராய் வளர்த்து வந்த ஹாம்ஸ்டர் என்னும் சிற்றெலி, சன்னலோரத்தில் வைத்திருந்த கம்பிக்கூண்டினுள் சில்லிட்டுச் சுருண்டு கிடந்தது. முன்னிரவில் குளிர் நான்கு பாகைக்கு இறங்கியிருந்தது. பையன் அழுத அழுகை மாடிப்படிவரை கேட்டது. தந்தையார் கீழே சென்று, பூங்காவின் ஓரத்தில் புதைப்பதற்கு இடம்கூடப் பார்த்து வந்துவிட்டார். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டியம்மாள்தாம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்து, "பொறுடா கண்ணா, மீசை ஆடுகிறதே!" என்றார். துணியில் சுற்றி உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்தார்கள். அரைமணிக்குமேல் ஆயிற்று. பிராணி மெல்ல நடுங்கத் தொடங்கிக் கண்ணைத் திறந்தது.

சிரிய நாட்டு ஹாம்ஸ்டருக்கு இது இயல்பு. குளிர் மிகுந்தால் மூச்சையும் நாடித்துடிப்பையும் மிகக் குறைத்துக்கொண்டு நெடுந்துயிலில் ஆழ்ந்துவிடும். பார்ப்பதற்குப் பிணம் போலவே தோன்றும். டில்லியில் இதனை வளர்க்கும் குடும்பத்தார் மார்கழி, தை மாதங்களில் அவசரப்பட்டுக் குழி தோண்டிவிடலாகாது என்பதை இவ்விடத்திலேயே சொல்லி வைக்கிறேன்.

அன்று மாலையே நண்பர் ஒரு முடிவோடு என்னிடம் வந்தார். "கம்பிக்கூண்டால் வந்த வினை சார் இது. மரத்தில் நல்ல கூண்டாகச் செய்துவிடலாம் என்றிருக்கிறேன். கீர்த்தி நகரில் ஒரு மிஸ்திரியிடம் பேசியும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உடன் வரவேண்டும்" என்றார். மரவேலையில் எனக்குச் சிறிது பழக்கம் உண்டென்பது அவருடைய எண்ணம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்பதைக் கேட்டறிந்து ஆறுதல் கொண்டேன்.

அவருடைய விருப்பத்தில் நியாயம் இல்லாமலில்லை. அதை முதலிற் சொல்லிவிட வேண்டும். மரம் குளிரை எளிதில் உள்ளே விடாது. கம்பிக்கூண்டிலோ நாற்புறமும் காற்று பாயும். கம்பிகளைக் கடித்துக் கடித்து மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும் துன்பமும் மரப்பெட்டியில் இல்லை. வேண்டிய அளவுக்குச் செய்துகொள்ளலாம் என்பது எல்லாவற்றிலும் பெரிய வசதி. கடைகளில் விற்கும் பொம்மை போன்ற கூண்டுகள் இந்தப் பிராணிக்குச் சிறைச்சாலை. நூறு சென்டிமீட்டர் நீளம், ஐம்பது அகலம், ஐம்பது உயரத்துக்குக் குறையாத இடம் வேண்டும் என்பது ஜெர்மானிய விலங்கு நல மருத்துவர்களின் பரிந்துரை. அதனுள் ஒரு சாணுக்குப் படுகை பரப்பினால்தான் அது வளைதோண்டி வாழ இயலும். நண்பர் கைப்பேசியில் வைத்திருந்ததும் ஒரு ஜெர்மானியக் கூண்டின் படமே. முன்புறம் கண்ணாடி, மற்ற மூன்று புறமும் வெளிர்நிறப் பலகை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த நாட்டு வெயில் வேறு; நம் டில்லியின் வெயில் வேறு அல்லவா?

கீர்த்தி நகரில் மிஸ்திரி எங்களுக்கு மூன்று வகைப் பலகைகளை எடுத்துக் காட்டினார். முதலாவது தேவதாரு. "வாசனையைப் பாருங்கள், பூச்சியே அண்டாது" என்று ஒரு சீவலை இழைத்துக் கையில் கொடுத்தார். உண்மையாகவே கோயிற்பிரகாரத்தின் நினைவு வந்தது. ஆயினும் பூச்சியை விரட்டும் அந்த வாசனைதான் இங்கே குற்றவாளி. தேவதாருவும் பைனும் கசியவிடும் மணப்பொருள்கள் எலியினத்துப் பிராணிகளின் மூச்சுக்குழலை உறுத்துவதோடு, ஈரலின் செயலையும் மாற்றிவிடுகின்றன என்பது சோதனைச் சாலைகளிற் கண்டறியப்பட்ட செய்தி. இம்மரங்களின் சீவலைப் படுகையாக இடக்கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனாலேயே. நாம் கூடத்தில் உட்கார்ந்து நுகரும் மணம் வேறு. மூடிய பெட்டிக்குள் இரவும் பகலும் அதையே சுவாசித்துக் கிடப்பது வேறு.

இரண்டாவது ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட். இதன் அடுக்குகளைப் பிணைக்கும் பசை பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்ந்தது. மேற்பரப்பில் அவ்வளவு கேடில்லை. வெட்டிய விளிம்பில்தான் அடுக்கும் பசையும் வெளியே தெரியும். கொறிக்கும் பிராணி முதலில் நாடுவதும் அந்த விளிம்பையே. மூன்றாவது, அமர் காலனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பழைய அலமாரியின் கதவு; பச்சை வண்ணம் பூசியது. "மலிவாக முடித்துத் தருகிறேன்" என்றார் மிஸ்திரி. வீட்டுப் பூச்சு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய வண்ணத்தில் எவ்வளவு ஈயம் இருக்குமோ, யார் கண்டது? அதைக் கடித்து விழுங்கப்போவது ஒன்றேகால் நூறு கிராம் எடையுள்ள ஒரு சிறு ஜீவன். அலமாரிக் கதவை மெதுவாகச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.

மரம் நல்லதாகவே கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் மூலக்குறை ஒன்று நீங்குவதில்லை. மரம் குடிக்கும். ஹாம்ஸ்டர் தூய்மையான பிராணி. பெரும்பாலும் ஒரே மூலையைச் சிறுநீர் கழிக்கும் இடமாக வைத்துக்கொள்ளும். அந்த நற்குணமே மரக்கூண்டுக்கு எமனாகிறது. நாள்தோறும் ஒரே மூலை நனைகிறது. நுண்கிருமிகள் அந்த நீரை அம்மோனியாவாக மாற்றுகின்றன. பிளாஸ்டிக்காக இருந்தால் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துவிடலாம். மரத்தை எப்படிக் கழுவுவது? கழுவினால் பலகை ஊதிப் பிளக்கும், கழுவாவிட்டால் நாறும். நாற்றம் நமக்கு எட்டும்போது, தரையோடு தரையாக மூக்கை வைத்துக்கொண்டு வாழும் பிராணிக்குக் கண்ணும் மூச்சும் முன்னமே எரியத் தொடங்கியிருக்கும். மூட்டுவாய்களிலுள்ள இடுக்குகளில் சிற்றுண்ணிகள் புகுந்துவிட்டால் அவற்றை வெளியேற்றுவதும் எளிதன்று.

இனி நம் ஊரின் பருவங்களைப் பொருத்திப் பாருங்கள். ஆடி, ஆவணியில் காற்றே ஈரமாகிவிடுகிறது. காய்ந்த பலகையும் பூஞ்சணம் பூக்கும் காலம் அது. கீழ்த்தளத்தில் குடியிருப்போருக்குக் கரையான் பயமும் உண்டு. கரையானுக்கு மருந்தடித்த பலகை கூண்டுக்கு உதவாது; அடிக்காத பலகை கரையானுக்கு விருந்து. அதற்கு முந்திய வைகாசி, ஆனியிலோ 'லூ' என்னும் அனற்காற்று வீசுகிறது. வெப்பம் 45 பாகையைத் தொடும் நாட்களில், மூன்று புறமும் அடைத்த பெட்டியின் நிலைமை என்ன? குளிரை உள்ளே விடாத அதே மரம் சூட்டை வெளியே விடுவதில்லை. ஹாம்ஸ்டருக்கு இருபதையொட்டிய பாகைகளே உகந்தவை. முப்பதைத் தாண்டினால் துன்புறும். கூலர் ஓடினால் போதுமென்று எண்ணவேண்டாம். கூலரின் குளிர்ச்சி பெட்டிக்குள் நுழையுமுன், அதன் ஈரம் பலகைக்குள் நுழைந்துவிடும். மொட்டைமாடிப் பர்சாத்தி அறைகளில் குடியிருக்கும் நம் இளந்தம்பதியர் இதைச் சற்று ஆழ்ந்து நினைக்க வேண்டும். ஒரு மாதக் குளிருக்கு அஞ்சி நான்கு மாத வெயிலில் பிராணியைப் பெட்டியிலிட்டு மூடுவது எந்தக் கணக்கில் சேரும்?

நண்பருக்கு இன்னும் மனம் இசையவில்லை. "கெட்டியான பலகையாகப் போட்டால் கடிக்குமா என்ன?" என்று கேட்டார். அதற்கு விடை இந்தப் பிராணியின் குலவரலாற்றிலேயே இருக்கிறது. 1930 ஆம் ஆண்டில் சிரியாவின் அலெப்போ நகருக்கருகே இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலார், வயலொன்றைத் தோண்டி ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் குட்டிகளையும் எடுத்தார். நம் பீகார் மக்களைப் பல தலைமுறைகளாக வாட்டிய காலா-அசார் வகை நோய்களைப் பற்றி ஜெருசலேமில் ஆராய்ந்துகொண்டிருந்த சால் அட்லர் என்ற அறிஞருக்கு இப்பிராணிகள் தேவைப்பட்டன. குட்டிகள் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே அவற்றை மரத்தாலான அடித்தளமுள்ள ஒரு கூண்டில் வைத்தார்கள். விடிந்து பார்த்தால் ஐந்து குட்டிகள் தளத்தைக் கொறித்துத் துளையிட்டு வெளியேறிவிட்டன! ஆராய்ச்சியே அன்றோடு முடிந்திருக்க வேண்டியது. எஞ்சிய சிலவே பின்னர் இனம் பெருக்கின. இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல்களே. மரக்கூண்டைப் பற்றி இப்பிராணியின் கருத்து என்னவென்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகிவிட்டது.

கொறிப்பது அதற்குத் தீயபழக்கமன்று, தேவை. முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்காவிட்டால் வாயைத் திறக்கவும் இயலாமற் போகும். வழவழப்பான பலகையின் நடுவில் பல் பதியாது. விளிம்பு, துளை, கணு ஏதேனும் ஒன்று அகப்பட்டால் அங்கிருந்து வேலையைத் தொடங்கிவிடும். அதுவும் இரவில்தான், நாம் உறங்கும் நேரமே அதன் அலுவலக நேரம். வெளியேறிய பிராணி எங்கே போகும்? சமையலறை எரிவாயுக் குழாயருகே, குளிர்பெட்டியின் பின்புறம், திறந்திருந்தால் மாடிப்படி, அதற்கப்பால் தெருப்பூனை.

இன்னொன்றும் நம்மவர் கருதத்தக்கது. முக்கால் அங்குலப் பலகையில் மேற்சொன்ன அளவுக்குச் செய்தால் பெட்டி ஏறத்தாழ இருபது கிலோ நிறை இருக்கும். மூன்றாம் மாடிக்கு ஏற்றுவது ஒருபுறம் இருக்கட்டும். கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் புறப்படுகிறோம். ஒன்றரை நாள் ரயிலில் பிராணியை உடன் கொண்டுபோவது அறிவீனம். அண்டை வீட்டாரிடம்தான் விட்டுச் செல்ல வேண்டும். இருபது கிலோப் பெட்டியையா தூக்கிக்கொண்டு அவர்கள் கதவைத் தட்டுவது? மாற்றல் உத்தரவு வந்தாலோ கேட்கவே வேண்டாம். ஹாம்ஸ்டரின் ஆயுளோ இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டு. அதற்குப் பிறகு நாற்றம் ஊறிய அந்தப் பெட்டியை இனாமாகக் கொடுத்தாலும் பெறுவாரில்லை.

இத்தனையும் கேட்ட பின்னும் மரமே வேண்டும் என்போர் இருக்கலாம். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. தேவதாரு, பைன் தவிர்த்த பலகையைத் தேர்ந்துகொள்ளட்டும். வடபுலத்து வயல்களில் வளர்க்கப்படும் பாப்லர் மரம் மணமற்றது, தீங்கற்றது. உள்ளே தளம் முழுவதும் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டொன்று எடுக்கவும் வைக்கவுமாக இருக்கட்டும். மேற்புறம் முழுவதையும் கம்பிவலையாக அமைத்து, பக்கங்களிலும் காற்றுப் புகும் வலைத்துளை வைக்கவேண்டும். விளிம்புகளுக்கு மெல்லிய உலோகப் பட்டை அடித்தல் இன்றியமையாதது. வேனிலில் பெட்டியை அறவே ஒதுக்கிவிட்டு வேறோர் இடம் தர முடியுமா என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவேண்டும். இவ்வளவும் செய்து முடிக்கையில் மரத்துக்கு ஆன செலவைவிட, மரத்தைக் காப்பதற்கு ஆன செலவே மிஞ்சும்.

நண்பர் கடைசியில் மிஸ்திரியிடம் கூண்டு செய்யச் சொல்லவில்லை. கம்பளி, ரஜாய் வைப்பதற்கென்று விற்கும் மிகப்பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கினார். நீளம் நூறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். மூடியின் நடுப்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, கம்பிவலையைத் திருகாணியால் முடுக்கிக் கொடுத்தவர் அதே மிஸ்திரிதான். உள்ளே அச்சேறாத வெள்ளைக் காகிதத் துணுக்குகளால் ஆழ்ந்த படுகை. மூலையில் ஒரு பீங்கான் கிண்ணத்தில் மணல். சிறுநீர் கழிக்கும் இடம் அதுவென்று பிராணி நான்கு நாளில் கற்றுக்கொண்டது. மணலை மட்டும் மாற்றினால் போதும். பெட்டியைச் சன்னலோரத்திலிருந்து அகற்றி, உட்சுவரை ஒட்டி வைத்தார்கள். கடுங்குளிர் இரவுகளில் மூன்று புறமும் ஒரு பழைய கம்பளி சுற்றப்பட்டது. மேலே மூடவில்லை, காற்றுக்கு வழி வேண்டுமல்லவா? அறைக்குள் கரியடுப்பு மூட்டலாகாது என்பதையும் பாட்டியம்மாளிடம் சொல்லி வைத்தோம். அது வீட்டாருக்கே ஆபத்து.

பையனின் முகத்தில் மட்டும் சற்று ஏமாற்றம். படத்தில் கண்ட மரவீடு அவன் மனத்தை விட்டு அகலவில்லை. அதை மிஸ்திரி எப்படியோ புரிந்துகொண்டார் போலும். பாப்லர்த் துண்டுப் பலகைகளை எடுத்து, சாயமும் வார்னிஷும் இல்லாமல், ஆணியும் இல்லாமல் பொருத்தி, கையகல வீடொன்று செய்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தச் சிறுவீடு பெட்டிக்குள் ஒரு பக்கமாக நிற்கிறது. நனைந்து கெட்டால் எறிந்துவிட்டு வேறொன்று செய்துகொள்ளலாம். சென்ற வாரம் போய்ப் பார்த்தேன். வாசற்படியைக் கொறித்துக் கொறித்து, நுழைவாயிலை இருமடங்கு பெரிதாக்கி வைத்திருக்கிறது.