ரப்பர் போட்ட சாதனைகள்

ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல் போட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதற்குள் முடிந்துவிடும். குதித்தால் இருபத்தோரு விநாடியில் எதிர்ச்சுவர். பல பேர் நடுவில் மூச்சு வாங்கக்கூடத் தலையைத் திருப்புவதில்லை. இதில் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கைக் குறைப்பதற்காக, ஒரு பையன் நாலு வருஷம் இருட்டோடு எழுந்து தண்ணீரில் குதிக்கிறான். அந்த நூறில் ஒரு பங்குக்குக் காவல் இருக்க வேண்டியவர்கள் 2009-ல் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். படித்துவிட்டு நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

2008 பிப்ரவரியில் ஸ்பீடோ கம்பெனி ‘எல்.இஸட்.ஆர். ரேஸர்’ என்று ஒரு நீச்சல் உடையைக் கொண்டுவந்தது. நாசா விஞ்ஞானிகள்கூட சோதனையில் உதவினார்கள். சாதாரண ஜட்டி இல்லை சார் இது. தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் கவசம். பீஜிங் ஒலிம்பிக்ஸில் பதக்கங்களை அள்ளியது. மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? அடுத்த வருஷமே முழுக்க பாலியூரிதேனில் தைத்துவிட்டார்கள். பேச்சுக்கு ரப்பர் என்றே வைத்துக்கொள்வோம். மாட்டிக்கொள்ளவே அரைமணி நேரம் ஆகும். சிலர் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு போட்டார்கள்!

ஏன் இந்தப் பாடு? தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தி. வேகமாகப் போகப் போக அது ஆளைப் பின்னால் பிடித்துத் தள்ளும். களைத்தால் இடுப்பு இறங்கும். இடுப்பு இறங்கினால் நீச்சல்காரன் நங்கூரம் ஆகிவிடுவான். ரப்பர் உடை சதையை அமுக்கி உடம்பை வழவழப்பான குழாய் ஆக்குகிறது. இடுப்பை மேலே மிதக்க வைக்கிறது. அதாவது, வயிற்றுத் தசையும் பத்து வருஷப் பயிற்சியும் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

சர்வதேச நீச்சல் சம்மேளனமான ஃபினாவின் (இப்போது ‘வேர்ல்ட் அக்வாடிக்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்) லட்சணத்தைப் பாருங்கள். 2009 ஏப்ரலில் பிரான்சின் அலென் பெர்னார்ட் நூறு மீட்டரை 46.94 விநாடியில் நீந்தினார். உலகில் முதல் முறையாக 47-க்குக் கீழே! ‘உன் உடைக்கு அனுமதி இல்லை’ என்று அந்தச் சாதனையை ஏற்க மறுத்தார்கள். சரி, கண்டிப்பான ஆட்கள்தான் என்று நினைப்பீர்கள். ஜூன் மாதம் அதே அரீனா எக்ஸ்-கிளைடு உடைக்கு அனுமதி கொடுத்தார்கள்! ஏப்ரலில் செல்லாத காசு ஜூனில் செல்லும்.

உச்சகட்டம் ஜூலையில், ரோம் நகரில். உலக சாம்பியன்ஷிப் நீச்சல் போட்டிகள் ஆரம்பிக்கும் முன்பே ஃபினாவின் மாநாடு கூடி, இந்த உடைகள் கூடாது என்று பெருவாரியாக ஓட்டுப் போட்டது. துணியில் தைத்ததுதான் செல்லும், ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரைதான். ஆனால் எப்போதிலிருந்து? 2010 ஜனவரி ஒன்றிலிருந்து! ‘சரக்கு கெட்டுப்போச்சு, ஆனா இந்த வாரம் மட்டும் விற்கலாம்’ என்று எந்த ஊர் சுகாதார இன்ஸ்பெக்டராவது சொல்வாரா? விளைவு, அந்த ஒரே போட்டியில் 43 உலக சாதனைகள்.

ஆண்கள் நூறு மீட்டரில் பிரேசிலின் சீசர் சியலோ 46.91. அதே டிசம்பரில், தடை அமலாகச் சில நாட்கள் இருக்கும்போது, சாவ் பாவ்லோவில் ஐம்பது மீட்டரை 20.91-ல் முடித்தார்.

சியலோ மோசடிக்காரர் இல்லை. விதி அனுமதித்ததைப் போட்டார். உடை போனபிறகும் 2011, 2013 உலக சாம்பியன்ஷிப்களில் ஐம்பது மீட்டர் தங்கம் அவருக்குத்தான். அதனால்தான் அவருடைய கணக்கையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். ரோமில் ரப்பரோடு 21.08. 2011-ல் துணியோடு 21.52. 2013-ல் 21.32. அதே ஆள், அதே பந்தயம், எல்லாம் தங்கம். வித்தியாசம் குறைந்தது ஏறக்குறைய கால் விநாடி. அந்த வேகத்தில் அது அரை மீட்டருக்கும் மேலே. ஐம்பது மீட்டர் பந்தயத்தில் அரை மீட்டர் என்பது பெரிய இடைவெளி!

ஜெர்மனியின் பால் பீடர்மன் கதை இன்னும் அப்பட்டம். பீஜிங்கில் 200 மீட்டரில் ஐந்தாம் இடம், 1:46.00. ஒரே வருஷத்தில் ரோமில் மைக்கேல் ஃபெல்ப்ஸையே தோற்கடித்து 1:42.00. நாலு விநாடி! மனுஷன் யோக்கியர். உடைக்கும் இதில் பங்குண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். 2025 முடியும்வரை அந்த நேரத்தை ஒருவராலும் தொட முடியவில்லை.

இதனால் யாருக்கு நஷ்டம் என்கிறீர்களா? ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் மேக்னுசனைக் கேளுங்கள். 2012 மார்ச்சில் நூறு மீட்டரில் 47.10. அதுவரை துணி உடையில் மனிதன் நீந்திய அதிகபட்ச வேகம். சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. ரப்பருக்கு ஒரு முழம் பின்னால் இருந்தார். அந்த வருஷம் லண்டன் ஒலிம்பிக்ஸில் நேதன் அட்ரியனிடம் நூறில் ஒரு விநாடியில் தங்கத்தையும் விட்டார். 2016-ல் அதே நாட்டின் கேமரன் மெக்கவாய் 47.04. இவரும் ஒரு சாண் சொச்சம் பின்னால். தங்கள் காலத்தின் உச்சத்தைத் தொட்டும் இவர்களுக்கு ‘உலக சாதனையாளர்’ என்று விசிட்டிங் கார்டு அடிக்கும் பாக்கியம் இல்லை.

‘அதான் உடைச்சுட்டாங்களே’ என்பீர்கள். உண்மைதான். 2022 ஆகஸ்டில் ருமேனியாவின் டேவிட் பொப்போவிச்சி, பதினேழு வயசுப் பையன், அதே ரோம் குளத்தில் 46.86 நீந்தினான். சியலோ சாதனை படைத்தபோது அவனுக்கு நாலு வயசு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் சீனாவின் பான் ஜான்லே 46.40. இருவருக்கும் ஒரு சலாம். ஆனால் நடுவில் பதின்மூன்று வருஷம்! வேகப்பந்தயக்காரனின் உச்சகாலம் நாலைந்து வருஷம். இரண்டு மூன்று தலைமுறை காலி. அதுவும் ரோமில் இல்லாத ஒரு வசதி இவர்களுக்கு உண்டு, குதிக்கும் மேடையில் பின்காலை உந்த ஒரு சாய்வுப் பலகை. அதையும் வைத்துக்கொண்டே இந்தக் கதி.

‘விதிப்படி நீந்தினதை எப்படி சார் அழிக்க முடியும்?’ என்று கேட்பவர்கள் தடகளத்தைப் பார்க்கட்டும். 1984-ல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்தார். முழுக்க விதிப்படி. 1986-ல் ஈட்டியின் அமைப்பை மாற்றினார்கள். பழைய பட்டியலை மூடி வைத்துவிட்டுப் புதுப் பட்டியல் ஆரம்பித்தார்கள். 1991-ல் வாலைச் சொரசொரப்பாக்கிய ஈட்டிகளைத் தடை செய்தபோது, பின்லாந்தின் செப்போ ரேட்டியின் 96.96 உட்பட அவற்றால் வந்த சாதனைகளையே ரத்து செய்தார்கள். அதனால்தான் செக் வீரர் யான் செலஸ்னியின் 98.48 இன்று உலக சாதனை. நீச்சல்காரர்கள் கையில் இருந்திருந்தால் நம்ம நீரஜ் சோப்ரா இன்றைக்கும் 104-ஐ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

யாரையும் அவமானப்படுத்த வேண்டாம். 2008, 2009 கணக்குகளைத் தனிப் பக்கத்தில் எழுதிவைத்து, 2010-லிருந்து புதுக் கணக்கு. ஒரு தீர்மானத்தில் முடிகிற வேலை. செய்யவில்லை. உடைக்கு அனுமதி கொடுத்ததே தப்பு என்று எழுத்தில் வந்துவிடுமே!

அந்தச் சோம்பலுக்கு வட்டி எப்படி ஏறியது பாருங்கள். ஊக்கமருந்து எடுத்துக்கொண்டு போட்டியிடலாம் என்று ‘என்ஹான்ஸ்டு கேம்ஸ்’ என்ற கூத்தைச் சில பணக்காரர்கள் கிளப்பினார்கள். 50 மீட்டர் உலக சாதனையைத் தாண்டினால் பத்து லட்சம் டாலர். எந்தச் சாதனை? 2009-ன் அதே 20.91. முதலில் போய்ச் சேர்ந்தது யார்? ஒரு முழத்தில் சாதனையைத் தவறவிட்ட அதே மேக்னுசன். 2025 பிப்ரவரியில் கிரீஸின் கிறிஸ்தியன் கொலொமேயெவ் 20.89 நீந்தியதாக அறிவித்துப் பணத்தையும் கொடுத்தார்கள். மருந்தும் உண்டு, தடை செய்யப்பட்ட பாலியூரிதேன் உடையும் உண்டு. இரண்டும் சேர்ந்து ஜெயித்தது நூறில் இரண்டு விநாடி!

2025 ஜூனில் வேர்ல்ட் அக்வாடிக்ஸ் பாய்ந்து வந்து, அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் இடமில்லை என்று விதி போட்டது. நல்ல விதிதான், நானும் கைதட்டுகிறேன். ஆனால் மருந்துக்காரர்களைப் பார்த்து ‘உங்களுடையது சாதனையே இல்லை, கெட்ட உடை வேறு’ என்று இவர்கள் சொன்ன அன்றைக்கு, இவர்களுடைய சொந்தப் பட்டியலில் ஆண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு நேராக இருந்த எண், 2009 டிசம்பரில் அதே மாதிரி உடையில் நீந்திய 20.91.