முகக் கவசப் போட்டி

கொரோனா நோய் உலகை உலுக்கிய 2020-ஆம் ஆண்டில், முகக் கவசம் தைக்கும் போட்டிகள் பள்ளிக்கூடங்களிலும் நடைபெற்றன. மாணாக்கர் தைத்தவற்றில் பூவேலையும் சித்திரமும் மின்னின. ஜரிகை வைத்தவைகூட உண்டு. ஜரிகை மூக்கைக் குத்தாதோ என்று கேட்பாரில்லை.

அழகு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் முகக் கவசம் முதலில் ஒரு வைத்திய சாதனம் அல்லவா? துணிக் கவசத்துக்கு மூன்று அடுக்கு வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கூறிற்று: வாயை ஒட்டி ஈரம் உறிஞ்சும் பருத்தி, வெளியே நீர் ஒட்டாத பாலியெஸ்டர், நடுவில் வடிகட்டுவதற்கு நெய்யப்படாத பாலிபுரொப்பிலீன். இதை விசாரித்து அறிந்து, தம்பியின் முகத்தை நூலால் அளந்து, மூக்குத் தண்டில் படிவதற்கு மெல்லிய கம்பி செருகி, ஓரங்களில் காற்று கசிகிறதா என்று சோதித்து, துவைத்ததும் சுருங்கக் கண்டு மறுபடியும் வெட்டித் தைக்கிறாள் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அவள் கவசம் பார்வைக்கு வெறும் வெள்ளைத் துணிதான். பரிசு யாருக்கு?

இது வீண் கேள்வியன்று. 1910 டிசம்பரில், மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் நுரையீரல் பிளேக் பரவியபோது, அங்கே அனுப்பப்பட்ட டாக்டர் வூ லியன் டேக்கு வயது 31. பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் வைத்தியம் படித்து, ஐரோப்பாவில் கிருமி சாஸ்திரம் பயின்றவர். இறந்த ஒருவரின் உடலை அறுத்துச் சோதித்தார். நோய் தெள்ளுப்பூச்சியால் அன்றி மூச்சினாலேயே தொற்றுகிறது என்று நிச்சயித்தார். உடனே, மெல்லிய கட்டுத்துணியில் பஞ்சை வைத்து மடித்து, தலைக்குப் பின்னே முடிச்சிடும் கவசத்தைச் செய்வித்தார். பார்க்க அழகில்லாத பொருள். பெரிய செலவும் இல்லை. ஆனால் அதற்குள்ளே பல வருஷப் படிப்பு இருந்தது. வயதில் மூத்த பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி அந்த இளைஞரின் சொல்லை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார்; 1911 ஜனவரியில் அதே பிளேக்குக்கு இரையானார். சுமார் 60,000 பேரைக் கொண்டுபோன அந்நோய் அவ்வருஷ வசந்த காலத்துக்குள் அடங்கிற்று.

என் போன்ற உபாத்தியாயர்கள் இனி இத்தகைய போட்டி நடத்தினால், பாதி மார்க்கைத் தயாரிப்புக்கென்றே ஒதுக்கலாம். சரிப்படாமல் தள்ளிய முதல் இரண்டு கவசங்களையும் பிள்ளைகள் கொண்டுவந்து, ஏன் தள்ளினோம் என்று சொல்லட்டும். பரிசு பெறும் கவசத்தை நடுவரே அணிந்துகொண்டு முடிவுரை நிகழ்த்தட்டும். பிரசங்கமும் சற்றுச் சுருங்கும்!