ஊர் ஊராக ஆடும் கூடைப்பந்து ஆட்டக்காரரின் சம்பளமும் ஓய்வூதியமும்: எங்கள் நிலைப்பாடு

தொழில்முறைக் கூடைப்பந்தில் ஓர் ஆட்டக்காரர் எத்தனை அணி மாறினாலும், அவர் ஆடிய ஒவ்வொரு சீசனும் அவருடைய ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் கணக்கில் வர வேண்டும். வெளிநாட்டு கிளப் ஒன்று அவரை அழைக்குமானால், சீசன் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்த பிறகே அவரைக் களத்தில் இறக்க வேண்டும். முன்னாள் ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் ஒப்பந்த விவகாரத்தில் நமக்கென்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள் என்பதே பதில். அமெரிக்காவின் முதன்மை லீகான என்.பி.ஏ. புதிய ஆட்டக்காரர்களை எடுக்க நடத்தும் தேர்வில், 2015-இல் டல்லஸ் மேவரிக்ஸ் அணி சத்னாம் சிங்கை 52-ஆவது ஆளாகத் தேர்வு செய்தது. அந்தத் தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவர். என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆட வாய்ப்புக் கிடைக்காமல், இப்போது ஜி லீக் எனப்படும் அதன் துணை லீகில் டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணிக்கு ஆடினார். அம்ஜோத் சிங் 2017-இல் அதே துணை லீகின் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ அணிக்குப் போனார். பிரின்ஸ்பால் சிங் ஜி லீக் இக்னைட் அணியில் ஆடினார். இங்கே பள்ளி மைதானத்தில் ஒரு பையன் ஆறே முக்கால் அடி வளர்ந்து நின்றால், “வெளிநாட்டுக்கு அனுப்பிடலாம்” என்று சொல்ல நாலு பேர் வருகிறார்கள். போன இடத்தில் என்ன நடக்கும் என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நடப்பது இதுதான். என்.பி.ஏ.வில் 30 அணிகள். அணிக்கு 15 நிரந்தர இடங்கள். அதற்கு மேல், துணை அணிக்கும் பெரிய அணிக்கும் போய்வரும் இருவழி ஒப்பந்தத்தில் மூன்று பேர். இவர்கள் ஒரு சீசனில் 50 ஆட்டங்களுக்கு மட்டுமே பெரிய அணியின் பட்டியலில் இருக்கலாம். ஒப்பந்தத்தை நிரந்தரமாக மாற்றினாலொழிய பிளே-ஆஃப் ஆட முடியாது. ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. யாருக்காவது கணுக்கால் பிசகினால் ஓர் ஆளைக் கூப்பிடுவார்கள். பத்து நாள் அல்லது மூன்று ஆட்டம், எது நீளமோ அது. ஒரே அணி ஒரு சீசனில் ஒருவருக்கு இப்படி இரண்டு முறைதான் கொடுக்கலாம். அதற்குப் பிறகு சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள். கூப்பிட்ட ஊரில் வீடு பார்க்க நேரம் இருக்காது. பிள்ளைகள் படிக்கும் பள்ளி வேறு ஊரில் இருக்கும். இருபது நாளுக்குள் பெட்டியை மறுபடி கட்ட வேண்டும்.

அணி மாறுவதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. இஷ் ஸ்மித் என்ற பாயின்ட் கார்டை 2010-இல் எந்த அணியும் தேர்வு செய்யவில்லை. ஹூஸ்டன் ராக்கெட்ஸில் இடம் கிடைத்தது. முதல் சீசன் முடியும் முன்பே மெம்ஃபிஸுக்கு மாற்றினார்கள். அப்படியே போய்ப்போய் 2022-இல் டென்வர் நகெட்ஸ் அவருக்குப் பதின்மூன்றாவது அணியானது. அதற்கு முன் வேறு எவரும் என்.பி.ஏ.வில் அத்தனை அணிக்கு ஆடியதில்லை. 2023 ஜூனில் அந்த அணி கோப்பை வென்றபோது அவரும் அதில் இருந்தார். எந்த அணியும் நெடுநாள் வைத்துக்கொள்ளாத மனிதர், புதிய அணியின் ஆட்ட முறையைச் சில நாளில் மனப்பாடம் செய்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் திறமையால் பதினான்கு சீசன் நின்றார். அது பெரிய உழைப்பு, அதை நாங்கள் வணங்குகிறோம். அவருடைய அந்த சீசன்கள் எல்லாம் என்.பி.ஏ. கணக்கில் இருப்பதால், மூன்று சீசன் ஆடினால் கிடைக்கும் ஓய்வூதிய உரிமை அவருக்கு உண்டு. ஓய்வுபெற்றவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தருவதென்று 2016-இல் ஆட்டக்காரர் சங்கம் முடிவெடுத்தபோது வைத்த வரம்பும் அதே மூன்று சீசன்தான்.

இனி ஆண்ட்ரே இங்ரமைப் பாருங்கள். கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 2007-இல் யூட்டா ஃப்ளாஷ் அணியில் சேர்ந்து பத்து சீசன் துணை லீகிலேயே ஆடினார். மூன்று புள்ளி எறிவதில் அந்த லீகில் பெயர் பெற்றவர். வருமானம் போதாமல் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். 2017-18-இல் அங்கே சம்பளம் இரண்டு அடுக்கு: ஒன்று 26,000 டாலர், மற்றது 19,000 டாலர். 2018 ஏப்ரலில், சீசன் முடிந்ததும் வழக்கமாக நடக்கும் பேச்சுக்கு என்று சொல்லி அவரை வரவழைத்தார்கள். அறைக்குள் என்.பி.ஏ. அணியான லேக்கர்ஸின் அப்போதைய நிர்வாகத் தலைவர் மேஜிக் ஜான்சன் இருந்தார். மிச்சம் இருந்த இரண்டு ஆட்டங்களுக்கு லேக்கர்ஸ் அணிக்கு ஆட அழைப்பு. ஏப்ரல் 10 அன்று ஹூஸ்டனுக்கு எதிராக, தலையில் நரை தெரிய, 32 வயதில் முதன்முதலாக என்.பி.ஏ. களம் இறங்கினார். மூன்று புள்ளிக்கு எறிந்த ஐந்தில் நான்கு உள்ளே போனது. மொத்தம் 19 புள்ளி. லேக்கர்ஸ் தோற்ற ஆட்டம் அது, ஆனாலும் அரங்கம் அவருக்காகவே கூவியது.

அந்த இரவைப் பற்றி உலகமே எழுதியது. நாங்கள் கேட்பது அதற்கு முந்தைய பத்து சீசன்களைப் பற்றி. என்.பி.ஏ. ஓய்வூதியத்துக்கு அவற்றில் ஒன்றுகூட எண்ணப்படாது. அதே லீகின் துணை அணி, அதே நிர்வாகம், அதே பயிற்சிக் கூடம். பெரிய அணியின் இளம் ஆட்டக்காரர்களை எதிர்த்து நின்று பழக்கியவர்களும் இவரைப் போன்றவர்களே. 2023-24-இல்கூட ஜி லீக்கில் அடிப்படைச் சம்பளம் 40,500 டாலர். அதே சீசனில் என்.பி.ஏ.வுக்குப் புதிதாக வருபவரின் குறைந்தபட்சச் சம்பளம் 11 லட்சம் டாலருக்கும் மேல். இந்த இடைவெளியை ஒரே நாளில் மூடச் சொல்லவில்லை. ஆனால் ஜி லீக் சீசன்களையும் ஒரு விகிதப்படி ஓய்வூதியக் கணக்கில் சேர்க்க முடியும். 2020-இல் ஜி லீக் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்துவிட்டார்கள். பேச்சுவார்த்தை மேசையில் முதலில் வைக்க வேண்டிய கோரிக்கை இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

“அவர்கள் விரும்பித்தானே ஆடுகிறார்கள், வேறு வேலைக்குப் போகலாமே” என்ற வாதத்தை நாங்கள் ஏற்பதில்லை. எந்தத் தொழிலாளியும் ஏதோ ஒரு விருப்பத்தில்தான் வேலைக்கு வருகிறார். விருப்பம் இருப்பதால் கூலி குறையலாம் என்றால் ஆசிரியருக்கும் செவிலியருக்கும் சம்பளமே கொடுக்க வேண்டியதில்லை. காயம் பட்டவர் திரும்பி வரும்வரை இடத்தை நிரப்ப ஆள் இல்லாமல் 82 ஆட்டங்கள் கொண்ட ஒரு சீசனை எந்த அணியாலும் ஓட்ட முடியாது. அந்த ஆளைக் கறிவேப்பிலை போல எடுத்துப்போடுவதை ஒரு லீக் தன் விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கும்போது, அதற்கான பொறுப்பும் அந்த லீகுக்கே.

அமெரிக்காவுக்கு வெளியே ஓய்வூதியம் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. அங்கே சம்பளம் வருமா என்பதே கேள்வி. சிம் புல்லர் கனடாவில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்தவர், ஏழடி ஐந்தங்குல உயரம். 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ கிங்ஸ் கொடுத்த பத்து நாள் ஒப்பந்தத்தில் மூன்று ஆட்டங்களில் சில நிமிடங்கள் ஆடினார். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் என்ற பெருமை அந்த நிமிடங்களில் கிடைத்தது. பிழைப்பு அமைந்ததோ தைவானில். எல்லாருக்கும் அப்படி நல்ல இடம் அமைவதில்லை. வெளிநாட்டு ஒப்பந்தத்தில் வீடு, கார், விமான டிக்கெட், வரி போகக் கையில் வரும் தொகை என்று முதல் பக்கம் அழகாக இருக்கும். உள்ளே மருத்துவப் பரிசோதனை பற்றி ஒரு பிரிவு இருக்கும். போய் இறங்கியபின் கிளப் மருத்துவர் முழங்காலைப் பார்த்துத் தலையசைத்தால் ஒப்பந்தமே இல்லை. எனவே பரிசோதனை விமானம் ஏறும் முன்பே, இரு தரப்பும் ஏற்கும் மருத்துவரிடம் முடிய வேண்டும் என்று கோருகிறோம்.

சம்பளம் நின்றுபோனால் கதவு தட்ட ஓர் இடம் இருக்கிறது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா 2007-இல் ஏற்படுத்திய நடுவர் மன்றம் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டது. எது நியாயமோ அதன்படி தீர்ப்பளிப்பது அதன் முறை. தீர்ப்பை மதிக்காத கிளப்பைப் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யவிடாமல் ஃபீபா தடுக்கலாம். நல்ல ஏற்பாடு, இதை நாங்கள் மனதார வரவேற்கிறோம். ஆனால் வழக்கு அந்த மன்றத்துக்குப் போகும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் வழியில்லை. விண்ணப்பத்தோடு திருப்பித் தராத கட்டணமும் நடுவர் செலவுக்கு முன்பணமும் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வராதவரிடம் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நடுவர் மன்றப் பத்தி எல்லா சர்வதேச ஒப்பந்தங்களிலும் கட்டாயமாக வேண்டும். சிறு தொகை வழக்குகளுக்கு முன்பணத்தைக் கூட்டமைப்பே ஏற்க வேண்டும்.

பெண்களுக்கு இந்த நிலை இன்னும் கடுமை. 2022-இல் அமெரிக்கப் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் 12 அணிகள். அணிக்கு 12 பேர் வீதம் அதிகம் போனால் 144 இடங்கள்தான். உச்சச் சம்பளமே 2.28 லட்சம் டாலர் அளவில்தான் இருந்தது. அதனால் நட்சத்திரங்கள்கூட அந்த லீக் நடக்காத மாதங்களில் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போய் ஆடினார்கள். 2015-இல் அந்த லீகின் நட்சத்திரமான டயானா டௌராசிக்கு அவருடைய ரஷ்ய கிளப் கோடைக்காலம் முழுக்க ஓய்வெடுக்கப் பணம் கொடுத்தது. அவரும் அமெரிக்க சீசனை விட்டுவிட்டார். 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதான மற்றொரு நட்சத்திரம் பிரிட்னி கிரைனர், யெகாதெரின்பர்க் கிளப்புக்கு ஆடப் போனவர். டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வீடு திரும்பினார். முதல் வரிசை ஆட்டக்காரருக்கே இந்த நிலை என்றால், பட்டியலின் கடைசியில் இருப்பவரை யார் மீட்பார்கள்?

நம் நாட்டில் கூடைப்பந்து ஆடுபவருக்கு ரயில்வேயும் வங்கிகளும் வருமானவரித் துறையும் கொடுக்கும் வேலைதான் காலங்காலமாகப் பாதுகாப்பு. அதை விட்டுவிட்டு ஓர் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் போகச் சொல்வதை நாங்கள் ஆதரிக்கவில்லை. போகவே கூடாது என்றும் சொல்லவில்லை. வேலை தரும் நிறுவனங்கள் இரண்டு சீசன்வரை சம்பளமில்லா விடுப்புக் கொடுத்து, பணிமூப்பைக் காக்க வேண்டும். நாடு விட்டு நாடு மாறத் தேவையான அனுமதிக் கடிதத்தை, நடப்பு ஒப்பந்தம் ஏதும் இல்லாதபோது, தேசியச் சம்மேளனம் தாமதிக்காமல் தர வேண்டும். ஏஜென்ட்டிடம் ஃபீபா உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வெளிநாட்டு ஒப்பந்தம் கையில் வந்திருக்கும் எந்த ஆட்டக்காரருக்கும் அதை வரிவரியாகத் தமிழில் விளக்கிச் சொல்லும் பணியை எங்கள் அமைப்பு கட்டணமின்றிச் செய்யும். மருத்துவப் பிரிவு, சம்பளத் தேதிகள், நடுவர் மன்றப் பத்தி ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்போம். இவற்றில் ஒன்றில் குறை இருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றே சொல்வோம்.